அசுரன் எலும்பும் அரியலூர்க் கடலும்

போன தை மாதம் தங்கை மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். "மாமா, நாலு நாள் லீவு இருக்கு. தமிழ்நாட்டுல பார்க்க வேண்டிய அதிசயம்னு ஒரு லிஸ்ட் கொடுங்க. ஊட்டி, கொடைக்கானல் மட்டும் வேண்டாம், அதெல்லாம் பார்த்தாச்சு" என்றான்.

இந்தக் கேள்வி யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வழக்கமாக வரும். மலை வேண்டுமா, நீலகிரி. அருவி வேண்டுமா, குற்றாலம், ஒகேனக்கல். சதுப்பு நிலக் காடு வேண்டுமா, பிச்சாவரம். கடலோரக் கோயில் வேண்டுமா, மாமல்லபுரம். மணல்மேடு கூட இருக்கிறது, தூத்துக்குடி பக்கம் செக்கச் செவேல் என்று தேரி. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்றவர்களின் நாடு இது. லிஸ்ட் போடுவதற்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் நான் அவனுக்குக் கொடுத்த லிஸ்டில் இதில் ஒன்றுகூட இல்லை. பரங்கிமலை, திருவக்கரை, சாத்தனூர், கல்லமேடு, காரை. ஐந்து பெயர். "மாமா, பரங்கிமலை மெட்ரோ ஸ்டேஷன் தானே?" என்று கேட்டான். அதேதான் மாப்ளே, வா காட்டுறேன் என்றேன். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் எல்லாமே ஒரே வகைப் பாறை. கருநீலச் சாயல், உடைத்த இடத்தில் எண்ணெய் பூசினது போல ஒரு மினுமினுப்பு. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. பூமியின் வெகு ஆழத்தில், கடுமையான வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போனபின் வெளியே தெரிகிற பாறை. உலகம் முழுக்க நிலவியல் படிக்கிற மாணவர்களுக்கு இதன் பெயர் தெரியும்: சார்னோக்கைட்.

பெயர் வந்த கதை வேடிக்கையானது. ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜெண்ட் கல்கத்தாவில் இறந்தார். செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் அவருக்குக் கல்லறை மண்டபம் எழுப்பினார்கள். வங்காளத்து வண்டல் மண்ணில் கல்லுக்கு எங்கே போவது? பல்லாவரத்திலிருந்து கப்பலில் போனது கல். இருநூறு வருஷம் கழித்து, 1893-ல், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். இதுவும் பல்லாவரத்துப் பாறையும் ஒன்றுதான், இதற்கென்று தனிப் பெயர் வேண்டும் என்று தீர்மானித்து, கல்லுக்குக் கீழே கிடந்தவரின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். சார்னாக் பல்லாவரம் கல்லை வெட்டவில்லை, தேடவில்லை, அதைப் பற்றி ஒரு வரி எழுதவும் இல்லை. அதன் அடியில் படுத்திருந்தார், அவ்வளவுதான். 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், அந்த நகரத்தை நிறுவியவர் என்ற பட்டத்தைக்கூட அவரிடமிருந்து எடுத்துவிட்டது. கல் மட்டும் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பல்லாவரைட் என்று வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்தது உண்டு.

இதே பாறையில்தான் மகேந்திரவர்மன் பல்லாவரத்தில் ஒரு குடைவரை வெட்டினான். தன் விருதுப் பெயர்களையெல்லாம் அதில் பொறித்தும் வைத்தான். இப்போது அது தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. இதே பல்லாவரத்தில், ராணுவ மைதானத்துச் சரளை மண்ணில், 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கைக்கோடரி. அதற்கும் முன்னால், 1802 ஏப்ரலில், லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அடிவாரத்துச் சமவெளியில் நூறு அடிச் சங்கிலியைப் போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்தார். 57 நாள் வேலை. இமயம்வரை போய் இந்தியாவையே அளந்து முடித்த பெரிய முக்கோண அளவைக்கு அதுதான் முதல் கோடு.

பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இத்தனையும். மெட்ரோவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கிறவர்கள் இந்தக் கல்லின் மேல்தான் நடந்து போகிறார்கள். பாறை அங்கே தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். மருமகன் பாறையைத் தொட்டுப் பார்த்தான், போட்டோ எடுத்தான். "ஜல்லிக் கல்லு மாதிரி இருக்கு மாமா" என்றான். ஜல்லியேதான். சென்னையின் பாதிக் கட்டடம் இந்தக் குடும்பத்துக் கல்லை உடைத்துப் போட்டுக் கட்டினதுதான்.

அங்கிருந்து திண்டிவனம் வழியாகத் திருவக்கரை. வக்கிரகாளி கோயில் ஊர். பௌர்ணமிக்கு வந்தீர்கள் என்றால் கார் நிறுத்த இடம் இருக்காது. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, செம்மண் மேட்டில் வேலி போட்டு ஒரு பூங்கா. அங்கே கூட்டம் கிடையாது. உள்ளே போனால் தரையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. பட்டை உரிந்த அடிமரம், உள்ளே வருஷ வளையம், பூச்சி குடைந்த ஓட்டை எல்லாம் அப்படியே. தட்டிப் பார்த்தால் டங் என்கிறது. கல்.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள். பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை. அதனால்தான் வேர் இல்லை, கிளை இல்லை. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து, மரம் மெல்ல மெல்லக் கல்லாக மாறியது. புளியமரக் குடும்பம், ஆமணக்குக் குடும்பம் என்று வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். 1781-ல் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் முதலில் இதைப் பற்றி எழுதினார். புதுச்சேரி பக்கத்தில் இருந்த வசதி. 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் பூங்காவாக்கியது. சுமார் 247 ஏக்கர்.

ஊரில் வேறு கதை. காளி வதம் செய்த அசுரனுடைய எலும்புகள் இவை. பூங்கா வாசலில் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "மரம்னு சொல்றாங்க சார். எங்க பாட்டி காலத்துல எலும்புன்னுதான் சொல்லுவாங்க. ரெண்டுல எதுவா இருந்தா என்ன, எடுத்துட்டுப் போவக் கூடாது. அது மட்டும் நெசம்" என்றார்.

எனக்கு இந்தக் கதையைக் கேலி செய்யத் தோன்றவில்லை. நீளமாக, உருண்டையாக, இரண்டு பக்கமும் முறிந்து, நடுவில் மஜ்ஜை போல வேறு நிறம். எலும்பு என்று நினைத்தவர்கள் கண்ணால் பார்த்துத்தான் நினைத்திருக்கிறார்கள். மரம் கல்லாகும் என்று நினைப்பதைவிட, அசுரன் எலும்பு கல்லாகும் என்று நினைப்பது அந்தக் காலத்துக்கு நியாயமான ஊகம். எலும்பு, மரம் என்ற இந்தக் குழப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லமேட்டில் இது திரும்ப வரும்.

மறுநாள் சாத்தனூர். இங்கே ஒரு கூத்து நடந்தது. செல்போன் வரைபடத்தில் சாத்தனூர் என்று போட்டால் அது திருவண்ணாமலைப் பக்கம் அணைக்குக் கூட்டிப் போகிறது. மருமகன் நம்பி ஓட்டினான். நான் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் வண்டி செஞ்சிக் கோட்டை பக்கம் நிற்கிறது. இரண்டரை மணி நேரம் வீண். நாங்கள் போக வேண்டிய சாத்தனூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு மரம்தான் முக்கியம். 18 மீட்டருக்கும் மேல் நீளமாக, ஓடைக் கரையில் படுத்திருக்கிறது. இது திருவக்கரை மரம் மாதிரி இல்லை, அதைவிட நாலைந்து மடங்கு பழசு. பத்து கோடி ஆண்டுக்கு நெருக்கமாக வரும். இன்னொரு வித்தியாசம், இது கடலில் மிதந்து வந்து கடலடி மண்ணில் புதைந்த மரம். 1940-ல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சைப் பக்கத்து மகாராஜபுரத்துக்காரர். பின்னால் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு முதல் இந்திய இயக்குநர் ஆனார். அவர் எழுதிய இந்திய நிலவியல் பாடநூலைப் படிக்காமல் அந்தத் தலைமுறையில் யாரும் அந்தப் பட்டம் வாங்கவில்லை.

"பெரம்பலூர்ல எங்க மாமா கடல்?" என்று மருமகன் கேட்டான். சரியான கேள்வி. இதற்குத்தான் இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்.

அரியலூர் என்றால் பெரியவர்களுக்கு 1956 ரயில் விபத்து நினைவுக்கு வரும். மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்த விபத்து. அரசியல் தெரிந்தவர்களுக்குக் கல்லக்குடி. கோயில் பார்க்கிறவர்களுக்குக் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை நீரைக் கொண்டுவந்து ஏரி வெட்டிய ராஜேந்திர சோழனுக்குத் தன் தலைநகரம் இருக்கிற சீமையே ஒருகாலத்தில் கடலோரச் சீமை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தியாவும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே கண்டமாக ஒட்டிக் கிடந்து, பிறகு பிய்ந்து விலகியபோது, நம் கிழக்கு ஓரம் விரிசல் விட்டுத் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் ஏறியது. வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. சுமார் நான்கு கோடி ஆண்டுகளுக்கு மேல் இந்த விளையாட்டு. ஒவ்வொரு முறையும் களிமண், மணல், சுண்ணாம்பு என்று அடுக்கு அடுக்காகப் படிய வைத்துவிட்டுப் போனது. அந்த அடுக்குகளுக்கு உலகம் முழுக்க நிலவியல் நூல்களில் வழங்கும் பெயர்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர், நின்னியூர். சார்னாக் விஷயத்தில் நமக்குக் கிடைக்காத நியாயம் இங்கே கிடைத்திருக்கிறது. நின்னியூர் அடுக்கு வரும்போது டைனோசர்கள் முடிந்துவிட்டன. அரை மணி நேரம் பைக்கில் போனால் அந்தப் பேரழிவைக் குறுக்காகக் கடந்துவிடலாம்.

இவற்றில் முதல் மூன்று பெயர்களை வைத்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். அவருக்கு முன்பே 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு சென்னை மாகாண அதிகாரிகள் இங்கே கிடந்த சிப்பிகளைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். 1850களின் கடைசியில் பிளான்ஃபோர்ட் வந்து, ஊர் ஊராக நடந்து, எது மேலே எது கீழே என்று அடுக்கை வகுத்து, 1862-ல் அறிக்கையாக வெளியிட்டார். சேகரித்த ஆயிரக்கணக்கான சிப்பி, நத்தை, பவளங்களை வகை பிரித்து நான்கு பெரிய தொகுதிகளாக எழுதியவர் ஸ்டோலிச்கா என்ற மொராவியாக்காரர். 1873-ல் அந்த வேலை முடிந்தது. அடுத்த வருஷம் லடாக் மலையில் இறந்துபோனார். வயது 36. உடல்நலம் கெட்டுப் புவியியல் வேலையை விட்ட பிளான்ஃபோர்டோ வானிலைப் பக்கம் போனார். 1875-ல் இந்திய அரசின் முதல் வானிலை அதிகாரி. இமயமலைப் பனியை வைத்து அந்த வருஷத்துப் பருவமழையைக் கணிக்க முயன்றவர் அவர்தான். அரியலூர்க் கடலை வரைபடத்தில் கொண்டுவந்த அதே கை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியில் டைனோசர் எச்சங்களும் இருப்பதைக் கவனித்துக் குறித்தார். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து அங்கேயே நடந்த ஒரு இழப்பில் பருவமழைக்கும் பங்கு இருந்தது.

கல்லமேடு. பெயரைக் கேட்டுப் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். வேலிக்காத்தான், ஓடை, உதிரும் மணற்களிமண் மேடு. பார்க்க ஒன்றுமே இல்லாத இடம். 1920களில் மேட்லி என்பவர் இங்கே தோண்டி, டைனோசர் எலும்புகள் பற்றி 1929-ல் எழுதினார். பிறகு நம்மவர்கள், புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும், இங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளைப் பற்றி 1987-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பு, கீழ்க்கால் எலும்பு, ஒரு வால் முள்ளெலும்பு. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். நான் நின்றால் என் தலைக்கு மேலே போகும். பிருஹத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயரிட்டார்கள். பிருஹத் காயம், பெருத்த உடல். பெயரில் சமஸ்கிருதம், ஊர் நம்மது, வயது சுமார் 7 கோடி ஆண்டு.

முதலில் அதை மாமிசம் தின்னும் வகை என்று நினைத்தார்கள். பிறகு, இல்லை, நீண்ட கழுத்து, தாவரம் தின்னும் சாரோபாட் வகை என்று திருத்தப்பட்டது. அளவுகள் சரி என்றால், தரையில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. அர்ஜென்டினாவின் அர்ஜென்டினோசாரஸ் பக்கத்தில் நிறுத்த வேண்டிய பெயர். 2023-ல் வந்த ஒரு மதிப்பீடு 110 முதல் 170 டன் வரை எடை சொல்கிறது. அதாவது நீலத்திமிங்கலத்தோடு மோதக்கூடிய எடை.

ஆனால் எலும்பு இல்லை.

எடுக்கும்போதே உதிரும் நிலை. பிளாஸ்டர் கட்டு போட்டுத்தான் எடுக்க முடியும். அந்தக் கட்டுக்குள்ளேயே மழைக்கால ஈரம் பட்டு, பொடிந்து, சிதைந்து போனது. அருங்காட்சியகத்தில் வைக்க ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது கட்டுரையில் இருந்த சில கோட்டுப் படங்கள். வெளிநாட்டு அறிஞர்கள் படத்தைப் பார்த்தார்கள், அளவைப் பார்த்தார்கள், நம்பவில்லை. சிலர் ஒரு படி மேலே போய், "இது எலும்பாக இருக்காது, கல்மரமாக இருக்கும்" என்றார்கள்.

திருவக்கரையில் கல்மரத்தைப் பார்த்த ஊர்க்காரர்கள் அசுரன் எலும்பு என்றார்கள். கல்லமேட்டு அசுரனின் எலும்பைப் பற்றிப் படித்த அறிஞர்கள் கல்மரம் என்றார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் சில மணி நேரப் பயணம்தான்.

2022-ல்தான் களத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் வெளியாயின. மண்ணுக்குள் பாதி, வெளியே பாதியாக எலும்புகள். படம் தெளிவில்லை, ஆனால் வெறும் வாய்ச்சொல் என்று இனி ஒதுக்க முடியாது. முப்பத்தைந்து வருஷம் ஒரு அலமாரியில் கிடந்த சில போட்டோக்கள் ஒரு விலங்கைக் காப்பாற்றியிருக்கின்றன. நான் கல்வெட்டு தேடி அலைகிறவன். படியெடுத்து வைத்த காகிதம் இருக்கும், கல்வெட்டு இருந்த மண்டபம் இருக்காது. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் இன்றைக்கு வாதாட முடியும். எனக்கு இந்தக் கதை புரிகிற விதம் அப்படித்தான். அந்த இருவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் களிமண்ணை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். பிஸ்கட் மாதிரி நொறுங்குகிறது.

மருமகன் மேட்டில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஒரு போர்டுகூட இல்லையே மாமா" என்றான். வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

கல்லக்குடியைப் பற்றி ஒரு வார்த்தை. 1939-ல் அங்கே டால்மியா சிமெண்ட் ஆலை வந்தது. ஊர்ப் பெயரே டால்மியாபுரம் ஆனது. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில், கருணாநிதி தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தது இந்தப் பெயரை மாற்றத்தான். எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆலை ஏன் அந்த ஊருக்கு வந்தது என்பது மட்டும் அந்தக் கதையில் வராது. சுண்ணாம்புக்கல்லுக்காக வந்தது. அந்தச் சுண்ணாம்புக்கல், ஊட்டத்தூர்க் கடலின் ஆழமில்லாத ஓரத்தில் பவளமும் பாசியும் கட்டிய திட்டு. ராமேசுவரம் பக்கம் இன்றைக்கு இருப்பது போல. பெயர்ப் பலகை இன்று கல்லக்குடி பழங்காநத்தம் என்று இருக்கிறது. நிலவியல் நூலில் மட்டும் அந்த அடுக்குக்கு டால்மியாபுரம் என்றே பெயர் நின்றுவிட்டது. தார் பூசி அழிக்க முடியாத இடம் அது.

கருடமங்கலத்திலும் இப்படி ஒரு கல் உண்டு. கருஞ்சாம்பல் நிறம், உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சிப்பியும் நத்தையும் பதிந்து, மெருகேற்றினால் கண்ணாடி மாதிரி ஆகும். வெள்ளைக்காரர்கள் திருச்சிராப்பள்ளி மார்பிள் என்று பெயர் வைத்து அலங்காரப் பொருள் செய்தார்கள். இந்தக் கல் பதித்த பழைய வீடு யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், வந்து பார்க்க ஆசை.

கடைசி நாள் காரை. பாடாலூரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். வயல் வயலாகப் போய்க்கொண்டிருக்கிற சாலை திடீரென்று வேறு கிரகத்துக்குள் நுழைகிறது. மழைநீர் அறுத்துப் போட்ட ஓடைப் பள்ளங்கள், நூற்றுக்கணக்கில். மஞ்சளும் சிவப்பும் சாம்பலுமாகக் களிமண் மடிப்புகள். நடுநடுவே ஜிப்சம் தகடுகள் வெயிலில் கண்ணாடித் துண்டுகள் போல மின்னும். புல் முளைக்காது. பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் இது ஆழ்கடல் சேறு. அந்தச் சேற்றில் கணவாய் மீனின் பழைய பங்காளிகள் செத்து விழுந்தன. அதன் உடம்புக்குள் இருந்த கடினமான முள், துப்பாக்கித் தோட்டா மாதிரியே, அதே அளவில், அதே கூர்மையில் மண்ணில் கிடக்கிறது. பெலம்னைட் என்று பெயர். அதோடு அம்மோனைட் என்ற சுருள் ஓடும் உண்டு. சாளக்கிராமம் பார்த்திருக்கிறீர்களே, கண்டகி ஆற்றிலிருந்து வருவது, அதே இனம்தான்.

இங்கே என் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் காலத்தில், 1994-ல், நண்பர்கள் ஆறு பேர் இங்கே வந்தோம். அப்போது குனிய வேண்டியதே இல்லை, கால் வைத்த இடமெல்லாம் கிடந்தது. பேண்ட் பாக்கெட் நிறைய, சாப்பாட்டு டப்பா நிறைய அள்ளினோம். நான் மட்டும் நாற்பதுக்கு மேல் எடுத்திருப்பேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அம்மோனைட்டும். எந்தப் பள்ளத்தில் எடுத்தேன், எந்த அடுக்கில் இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. எடுத்த இடம் தெரியாத புதைபடிவம் ஆராய்ச்சிக்குப் பேப்பர் வெயிட்டுக்குச் சமம் என்பது பத்து வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் பாதியை நண்பர்களுக்குக் கொடுத்திருந்தேன், மீதி டப்பாவோடு வீடு மாறும்போது எங்கேயோ போனது. ஒன்றுகூட என்னிடம் இல்லை. கல்லமேட்டு எலும்பைக் கரைத்தது மழை. என் டப்பாவைக் கரைத்தது நான்தான்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் நடந்து எங்களுக்குக் கிடைத்தது மூன்றே மூன்று, அதுவும் உடைந்த துண்டுகள். மருமகன் ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். "நீங்களும் அந்தக் கல்லு பொறுக்கத்தான் வந்தீங்களா? முன்னல்லாம் ஒரு மழை பேஞ்சா கொள்ள கொள்ளயாக் கெடக்கும். பஸ்ஸுல வந்து அள்ளிட்டுப் போனாங்க. இப்ப மழ பேஞ்சாத்தான் ஒண்ணு ரெண்டு வெளிய வருது."

"அது என்னன்னு தெரியுமா பாட்டி?"

"காலேஜ் பசங்க சொன்னாங்க, மீனு எலும்புன்னு. இங்க ஏதுய்யா மீனு?"

மருமகன் அவருக்குச் சொல்ல ஆரம்பித்தான். இது கடலாக இருந்தது, ரொம்ப காலத்துக்கு முன்னால். பாட்டி முழுசையும் கேட்டார். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கரை எந்தப் பக்கம்?" என்றார்.

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. மேற்கே கையைக் காட்டினேன். பழைய பாறை தொடங்குகிற பக்கம். "அந்தப் பக்கம் கரை. நாம நிக்கிறது தண்ணிக்கு அடியில."

பாட்டி மேற்கே திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓடைக்குள் இறங்கிய ஆட்டைச் சத்தம் போட்டுக்கொண்டே போனார். மருமகன் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் காசை வைத்துப் போட்டோ எடுத்தான். போனில் இடக்குறிப்பும் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். பிறகு காசை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் ஊட்டத்தூர்க் கோயில் திறந்திருக்குமா மாமா?" என்று கேட்டான்.